நோய் வருமுன் தட்டைத் திருத்துவது எப்படி? சேலத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தபந்தம் கேட்கும் முதல் கேள்வி, "அப்படி என்னதான் சாப்பிட்டாரு?" என்பது. தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். வயது, பரம்பரை, தொற்று, வெறும் தற்செயல் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். நம் கையில் இருக்கும் பங்கு சிறியதும் இல்லை. 100 புற்றுநோய்களில் 30 முதல் 50 வரை தடுக்கக்கூடியவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரை, பி.பி., மாரடைப்பு ஆகியவற்றைத் தடுக்கவும் பெரும்பாலும் கீழே சொல்லும் இதே வழிதான். இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் ரத்தத்தில் இன்சுலின் உயர்ந்தே நிற்கும். அது செல்களை வளரச் சொல்லித் தூண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்தக் கொழுப்பே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பதால் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடும்.

1. ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், சாப்பிடுவதை அப்படியே குறித்து வையுங்கள். டீக்குப் போடும் சர்க்கரை, சாயந்தரப் பலகாரம், மெல்லும் பாக்கு எல்லாம் அதில் வரவேண்டும். எங்கே கை வைப்பது என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.

2. முதலில் நிறுத்த வேண்டியவை

புகையிலை, பாக்கு, மது. "நான் புகையிலை போடறதில்லை, வெறும் வெத்தலை பாக்குதான்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். புகையிலை சேராத கொட்டைப்பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. மதுவும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. இந்த மூன்றையும் விடாமல் கீரையும் பழமும் சாப்பிட்டுப் பலன் எதிர்பார்க்க முடியாது.

3. தட்டில் பாதி காய்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று இருக்கிறது. காய் என்றால் கீரையும் சேர்த்துத்தான். நம் வழக்கமோ, குவித்த சோற்றின் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல்.

காலையில் அஸ்தம்பட்டி, சூரமங்கலம், தாதகாப்பட்டி என்று பக்கத்திலிருக்கும் உழவர் சந்தைக்குப் போங்கள். கீரை இரண்டு கட்டு, அவரை, பீர்க்கை, ஏற்காட்டுச் சௌசௌ, நாட்டுக் கொய்யா. பரிமாறும்போது காயை முதலில் வைத்துத் தட்டில் பாதியை நிரப்புங்கள். மீதி இடத்தில்தான் சோறும் பருப்பும்.

காய் ஏன்? அதிலுள்ள நார்ச்சத்து நமக்குச் செரிக்காது. பெருங்குடல் வரை அப்படியே போகும். அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்கும். குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. மலம் தேங்காமல் நகர்வதால் கெட்டது குடலோடு ஒட்டியிருக்கும் நேரமும் குறைகிறது.

வெள்ளைச் சோறு தினம் மூன்று வேளை வேண்டாம். ஒரு வேளை ராகிக் களியும் கீரைக் கடைசலும், இன்னொரு நாள் கம்பங்கூழ், வாரத்தில் சில நாள் கொள்ளு. ராகியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 11 கிராம் நார்ச்சத்து. பட்டை தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. ஜவ்வரிசி நம் ஊர்ப் பெருமைதான், பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது. ஆனால் அது மரவள்ளியிலிருந்து பிரித்தெடுத்த மாவுச்சத்து. நாரும் புரதமும் ஆலையிலேயே நின்றுவிடும். சர்க்கரை உள்ளவர்கள் ஜவ்வரிசி உப்புமாவைக் காலை டிபனாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

4. உப்புப் பாக்கெட்டில் தேதி போடுங்கள்

ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூனுக்குள். வீட்டில் நான்கு பெரியவர்கள் என்றால் மாதம் 600 கிராம். பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று பேனாவால் தேதி எழுதுங்கள். ஒரு கிலோ ஒரு மாதத்தில் தீர்ந்தால் கை தாராளம் என்று அர்த்தம்; ஊறுகாய், அப்பளம், ஓட்டல் சாப்பாட்டு உப்பு இந்தக் கணக்கில் வரவே இல்லை. ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டைதான். வாரா வாரம் சிட்டிகை சிட்டிகையாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

5. கடலையைப் பொறுக்குங்கள்

நிலக்கடலை நல்ல உணவு. ஆனால் ஈரத்தில் கிடந்த கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமான அது வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. சமைக்கும் முன் முறத்தில் கொட்டிப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூசணம் படிந்தது எல்லாவற்றையும் குப்பையில் போடுங்கள். வாயில் கசந்தால் துப்பிவிடுங்கள்.

6. சாயந்தரப் பசி

தட்டுவடை செட்டை யாரும் விடச் சொல்லவில்லை. துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் கூடுதலாக வைக்கச் சொல்லி வாரம் ஒருநாள் சாப்பிடலாம். கறுத்துப்போன எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிக்கும் கடையைத் தவிருங்கள். சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியைத் தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று அதே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. குழந்தைகளுக்கு அதைப் பழக்காமல் இருப்பது நல்லது.

7. மாத்திரை மாற்று ஆகாது

பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு, கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே நுரையீரல் புற்றுநோய் அதிகமாக இருந்தது. கேரட்டைக் கேரட்டாகவே சாப்பிடுங்கள். மஞ்சளும் முள்சீத்தாவும் புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

8. பரிசோதனை

30 வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி., சர்க்கரையோடு வாய்ப் பரிசோதனையும், பெண்கள் மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வாயில் இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறோ புற்றுநோய் சிகிச்சையோ இருப்பவர்கள், மேலே சொன்ன எதையும் தொடங்கும் முன் தங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கீரையும் பழமும்கூட அவர்களுக்கு அளவோடுதான் கொடுக்க வேண்டியிருக்கலாம்.