பிரதேச சபைத் தேர்தல் முடிவை வாசிப்பது எப்படி?

முடிவு வெளியானதும் இலங்கையின் வடக்கே கரைச்சி, கரைதுறைப்பற்று போன்ற பிரதேச சபைகளில் எழும் முதற் கேள்வி, “சபை ஆருக்கு?” என்பதே. முடிவுத் தாளில் வாக்கையும் சதவீதத்தையும் பார்ப்பதற்கு முன், ஆசன நிரலைப் பார்த்து, எந்தக் கட்சிக்காவது பாதிக்கு மேல் கிடைத்துள்ளதா என்று கணக்கிடுங்கள்.

2018 முதல் நடைமுறையிலுள்ள கலப்பு முறையில், உறுப்பினர்களில் 60 சதவீதமானோர் வட்டாரங்களிலிருந்தும் 40 சதவீதமானோர் கட்சிகள் கொடுக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். 20 உறுப்பினர் கொண்ட ஒரு சபையில் செல்லுபடியான வாக்குகள் 10,000 என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆசனத்தின் பெறுமதி 500 வாக்குகள். 4,000 வாக்குப் பெற்ற கட்சிக்கு உரியவை 8 ஆசனங்கள். ஐந்து வட்டாரங்களை வென்றிருந்தால் மீதி மூன்றும் பட்டியலிலிருந்து வரும். ஆனால் அக்கட்சி 9 வட்டாரங்களை வென்றிருந்தால் ஒன்றையும் இழக்காது. பட்டியல் ஆசனம் கிடைக்காது, சபையே 21 பேராக விரிந்துவிடும். அப்போது அறுதிப் பெரும்பான்மைக்கு 11 பேர் தேவை. வட்டாரங்களை மட்டும் எண்ணி வெடி கொளுத்துவோர் தவறவிடுவது இதைத்தான்.

எவருக்கும் பெரும்பான்மை இல்லையெனில், உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டும் முதல் அமர்வில் உறுப்பினர்களே வாக்களித்துத் தவிசாளரை, அதாவது சபையின் தலைவரை, தெரிவு செய்வர். 2018இல் வவுனியா நகர சபையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பே அதிக ஆசனங்களைப் பெற்றிருந்தும், ஏனைய கட்சிகளின் ஆதரவோடு தலைவர் பதவி தமிழர் விடுதலைக் கூட்டணியிடம் சென்றது. ஆகவே, முதலிடம் பெற்ற கட்சியின் பெயருக்குப் பக்கத்தில் “கைப்பற்றியது” என்று அந்த அமர்வு முடியும்வரை எழுதாதீர்கள்.

கட்சிகளின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிடுவதில்தான் பலர் சறுக்குகின்றனர். 2018இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக, வீட்டுச் சின்னத்தின் கீழ், தமிழரசுக் கட்சியோடு புளொட், ரெலோ ஆகிய கட்சிகளும் சேர்ந்து நின்றன; 2025 மே 6ஆம் திகதி தமிழரசுக் கட்சி வீட்டில் தனித்து நிற்க, மற்றையவை ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியாகச் சங்குச் சின்னத்தில் போட்டியிட்டன. வீட்டுக்கு வீடு ஒப்பிட்டு வளர்ச்சி, வீழ்ச்சி என்று எழுதுவது பிழையான கணக்கு. இரண்டு சின்னங்களின் 2025 வாக்குகளையும் கூட்டி, அதையே 2018இன் வீட்டு வாக்கோடு ஒப்பிடுவது ஓரளவு நியாயமானது. வட்டார எல்லையோ சபையின் தரமோ மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, வவுனியா நகர சபை மாநகர சபையாகிவிட்டது.

தவிசாளர் தெரிவோடும் கணக்கு முடிவதில்லை. வரவு செலவுத் திட்டம் இருமுறை தோற்றால் பதவி பறிபோகலாம். யாழ் மாநகர சபையில் 2020 டிசம்பரில் முதல்வர் மாறியது அப்படித்தான். பெரும்பான்மையற்ற சபையின் ஆசனப் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் அந்த வாக்கெடுப்பு முடியும்வரை கையில் வைத்திருங்கள்.