செயற்கை அமினோ அமிலங்களும் கிருமிச் சோதனையும்: ஊட்டி ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய அமினோ அமிலச் சேர்மங்களைச் செய்து அவை பாக்டீரியாவைத் தடுக்கின்றனவா என்று பார்க்க இங்கே வரும் பிள்ளைகள், முன்னால் வந்தவர்கள் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கையுறை, லேபிள் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை.

ஒட்டியிருக்கும் அமிலத்தை மருந்தென்று நம்புவது

சேர்மம் செய்யும்போது அமினோ முனையை மூடிக் காக்கும் பாக் (Boc) தொகுதியைக் கடைசியில் நீக்க டிரைஃபுளூரோஅசெட்டிக் அமிலம் சேர்க்கிறோம். வற்றவைத்ததும் அமிலம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். போவதில்லை. பிசுபிசுவென்று நிற்கும் பொருளில் அது ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைக் கரைத்து, பாக்டீரியா பரப்பிய தட்டின் மேல் வைக்கும் சிறு தாள் வட்டில் (டிஸ்க்கில்) விட்டால், சுற்றிலும் பாக்டீரியா வளராமல் கண்ணாடிபோல் தெளிந்த வளையம் விழும்.

ஒரு மாணவி அப்படியொரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை இரண்டிலும் ஒரே அளவு வளையம். அதுவே எனக்கு உறுத்தியது. ஸ்டஃபிலோகாக்கஸுக்கு இல்லாத ஈ.கோலையின் வெளிச்சவ்வு பல மருந்துகளை எளிதில் உள்ளே விடாது. கரைசலில் அமிலத்தன்மை காட்டும் பிஹெச் தாளை நனைத்தேன், சிவந்துவிட்டது. "கரைப்பான் கண்ட்ரோல் சுத்தமா இருந்ததே சார்" என்றாள். வெறும் கரைப்பான் விட்ட டிஸ்க்கில் வளையம் இல்லை என்கிறாள். இருக்காதுதான். அமிலம் கரைப்பானில் இல்லை, சேர்மத்தோடு வந்தது. அதற்குள் அந்த வளையத்தை நம்பி அதே வரிசையில் பல சேர்மங்களைச் செய்து முடித்திருந்தாள். ஒரு துண்டுத் தாள் காட்டியிருக்க வேண்டியதற்கு ஒரு செமஸ்டர் உழைப்பு போனது. இன்றும் நினைத்தால் எரிச்சல்தான்.

டொலுயீன் சேர்த்துச் சேர்த்து வற்றவையுங்கள். பிஹெச் 7 பக்கம் கொண்டுவந்த பிறகே சோதியுங்கள். அப்புறம், பாக் தொகுதி மாட்டிய சாதாரண அமினோ அமிலமான பாக்-கிளைசினையும் அதே அமிலத்தில், அதே முறையில் நீக்கி ஒரு டிஸ்க்கில் வையுங்கள். அதுவும் வளையம் தந்தால், உங்கள் சேர்மத்தைப் பற்றி இன்னும் எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம்.

வளையத்தை அளந்து சேர்மங்களை வரிசைப்படுத்துவது

வேண்டாம். எம்ஐசி, அதாவது பாக்டீரியா வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவைப் பாருங்கள்.

பாதி உருகிய டிஎம்எஸ்ஓ

சேர்மங்களைக் கரைக்கும் இந்தக் கரைப்பான் 18.5 டிகிரி செல்சியஸிலேயே உறையும். ஊட்டியில் காலையில் புட்டி உறைந்துதான் கிடக்கும். முழுதும் உருக்கிக் கலக்கி, அடியில் படிவு இல்லையென்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே எடுங்கள்.

ஆட்டோகிளேவ் முள்ளை நம்புவது

ஆட்டோகிளேவ் என்பது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன். ஊட்டியின் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அழுத்தமானியின் முள் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 121 டிகிரி வராது, 117 பக்கம்தான் நிற்கும். வெப்பநிலையைப் பாருங்கள்.

ஊடகத்தை மறப்பது

டி-சைக்ளோசெரின் என்ற ஆன்டிபயாட்டிக், டி-அலனின் என்ற அமினோ அமிலத்தின் சாயலில் இருப்பதால்தான் பாக்டீரியா செல்சுவர் கட்டுவதைத் தடுக்கிறது. பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகத்தில் டி-அலனின் இருந்தால் அதன் வேலை கெடும். நம் சேர்மங்களும் அப்படிப்பட்ட சாயல்கள்தாம். வழக்கமான முல்லர்-ஹிண்டன் ஊடகத்திலோ பால் புரதமான கேசினைச் சிதைத்த அமினோ அமிலங்கள் ஏராளம். அதில் பலிக்கவில்லை என்று தூக்கிப் போடுமுன், அமினோ அமிலம் சேர்க்காத எளிய ஊடகத்தில் ஈ.கோலையை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள்.