கழுத்து வலி தீர்ந்தது ஒரு கொக்கியால்

பிறக்கும்போது தோள் மாட்டிக்கொண்டதில் என் வலது கைக்கு வரும் நரம்புகள் இழுபட்டுவிட்டன. எர்ப்ஸ் பால்சி என்பார்கள். கழுத்திலிருந்து வரும் சி5, சி6 என்ற நரம்பு வேர்கள்தான் பாதிக்கப்பட்டவை. விரல்கள் நன்றாகவே வேலை செய்யும். தோளை உயர்த்துவதும் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதும்தான் சிரமம்.

பிளஸ் ஒன் சேர்ந்து புத்தகப் பை கனத்ததும் கழுத்து வலிக்க ஆரம்பித்தது. அதுவும் இடது பக்கம், நல்ல கை இருக்கிற பக்கம்! தைலம் தடவினேன், தலையணையை மாற்றினேன். வலது பட்டையை இறுக்கினால் அக்குளில் அறுத்தது. ஒற்றைப் பட்டைப் பை வாங்கினேன், இன்னும் மோசம்.

கடைசியில் பிசியோதெரபி அக்கா, பையை மாட்டிக்கொண்டு நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார். என் வலது தோள்பட்டை எலும்பு சிறியது, கொஞ்சம் துருத்தியும் இருக்கும். அதனால் பட்டை வெளிப்பக்கம் வழுக்குகிறது. அது விழாமலிருக்க நான் இடது பக்கம் சாய்ந்தே நடக்கிறேன்.

பை தைக்கும் கடையில், இரண்டு பட்டைகளையும் மார்புக்குக் குறுக்கே இணைக்க ஒரு வார் தைத்தோம். முதலில் போட்ட பிளாஸ்டிக் கிளிப்பை மாட்ட இரண்டு கைகளும் நேருக்கு நேர் வரவேண்டும், எனக்கு வராது. அப்புறம் வலது பட்டையில் இரும்பு வளையம், இடது பட்டையிலிருந்து வரும் வாரின் நுனியில் நாய்ச் சங்கிலிக் கொக்கி என்று மாற்றினோம். இப்போது இடது கையே போதும். வலியும் சில வாரங்களில் விட்டது. ஒன்று மட்டும்: பையை மாட்டும்போது பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியாக எடுக்க வேண்டும்.