கல்யாணத்துக்கு முன் ஒப்பந்தம்: எங்கே தவறுகிறார்கள்?

சொத்து, கடன், பிரிந்தால் என்ன என்பதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே எழுதிக்கொள்வதுதான் இந்த ஒப்பந்தம். இதற்கு அமெரிக்க மாதிரிப் படிவம் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவதுதான் முதல் தவறு. கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்துச் சிவில் சட்டம் இத்தகைய ஒப்பந்தத்துக்கு இடம் தருகிறது. தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. பொதுக்கொள்கைக்கு, அதாவது சமூக நலனுக்கு, முரணான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 23ஆம் பிரிவு. மாப்பிள்ளை மாமியார் வீட்டோடுதான் இருப்பார் என்று கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்ததை, 1901இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இதே காரணம் காட்டித் தள்ளியது.

‘பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்’ என்று பெண்ணிடம் எழுதி வாங்குவதும் வீண். குழந்தை யாரிடம் வளரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதும் அப்படித்தான்; நீதிமன்றம் குழந்தையின் நலனைத்தான் பார்க்கும்.

பிறகு எதற்கு எழுத வேண்டும்? யாருடைய பணம், யாருடைய கடன் என்பதற்குச் சான்று வேண்டும் என்பதற்காக. எந்த நகை யார் வீட்டிலிருந்து வந்தது, வீட்டுக் கடனின் தவணையை யார் கட்டுகிறார், தங்கையின் படிப்புக்கு எவ்வளவு அனுப்ப வேண்டியிருக்கிறது, நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என எல்லாமே தாளில் வரவேண்டும். கடனை மறைத்து எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம். இதில் பாதி வேலையைச் சட்டமே சொல்லியிருக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகளின்படி, மணமக்களுக்கு வந்த அன்பளிப்புகளைப் பட்டியலிட வேண்டும். பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். 501 ரூபாயையும் மொய் நோட்டில் வரவு வைக்கும் வீடுகள் இந்தப் பட்டியலை மட்டும் ஏனோ அபசகுனமாகப் பார்க்கின்றன.

கடைசி நேரத்தில் நீட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஆஸ்திரேலியாவில் இத்தகைய ஒப்பந்தம் சட்டப்படி செல்லும் ஆவணம். அங்கேயே ஒரு வழக்கில் உயர்மட்ட நீதிமன்றம் 2017இல் அதை ரத்து செய்தது. திருமணத்துக்கு 4 நாள் முன்பு, பெண்ணின் பெற்றோர் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய பிறகு, ‘கையெழுத்து இல்லையென்றால் கல்யாணம் இல்லை’ என்ற நிலையில் வாங்கியது அது. கையெழுத்திட வேண்டாம் என்று அந்தப் பெண்ணின் வழக்கறிஞரே சொல்லியும் அவரால் மறுக்க முடியவில்லை. ஆகவே கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பே, ஆளுக்கொரு வழக்கறிஞரை வைத்துப் பேசி முடித்துவிடுங்கள்.