வில்லுக் குடத்துக்கு ஒட்டு மைக்: பீசோ வட்டு வேலை செய்யும் விதமும் கட்டும் முறையும்

தமிழக எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வில்லுப்பாட்டு, கேரளத்தின் பாறசாலைப் பக்கம் வில்லடிச்சாம்பாட்டு. பெயர் எதுவானாலும் கோயில் கொடை மேடையில் தொல்லை ஒன்றுதான்: தாளம் தட்டும் மண் குடத்துக்கு முன்னால் நிற்கும் மைக் ஸ்பீக்கர் சத்தத்தையும் சேர்த்து வாங்கி ஊளையிடும். குடத்தின் உடம்பிலேயே ஒட்டுகிற பீசோ வட்டு இதற்கு நல்ல மாற்று. போட்டுப் பார்த்துவிட்டு, தகர டப்பாவைத் தட்டுவது போல் இருக்கிறது என்று தூக்கிப்போட்டவர்களும் உண்டு. பெரும்பாலும் குற்றம் வட்டில் இருக்காது, ஒயரைச் செருகிய இடத்தில் இருக்கும்.

பொம்மையிலும் அலாரத்திலும் 'பீப்' என்று கத்துகிற அதே பித்தளை வட்டுதான் இது. நடுவில் வெள்ளையாகத் தெரிவது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த பீங்கான், மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. குடத்தைப் போலவே இதுவும் சூளைக்குப் போய் வந்த சரக்கு. சுட்டு எடுத்தபின் பலத்த மின்புலத்தில் வைத்து, உள்ளே தாறுமாறாகக் கிடக்கும் மின்முனைகளை ஒரே திசைக்குத் திருப்பிவிடுகிறார்கள். அதன்பின் வட்டு வளைந்தால் போதும், பீங்கான் இழுபட்டு இரு முகங்களிலும் எதிரெதிர் மின்னேற்றம் சேரும். மின்சாரம் கொடுத்தால் அதுவே வளையும், பஸ்ஸர் கத்துவது அப்படித்தான். 1880இல் கியூரி சகோதரர்கள் இந்தக் குணத்தைக் குவார்ட்ஸ், டூர்மலின் முதலியவற்றில் கண்டார்கள். கரும்புச் சர்க்கரைப் படிகமும் அவர்கள் பட்டியலில் உண்டு.

அடுப்படி கேஸ் லைட்டரில் ஒரு சுத்தி இதே இனப் பீங்கானைத் தட்டி ஆயிரக்கணக்கான வோல்ட் எழுப்புகிறது. கைக்கடிகாரத்தில் குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஸ்கேன் சென்டரில் வயிற்றில் வைக்கும் கருவியின் முனையிலும் பீசோதான்.

கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. இருட்டில், வட்டின் இரு முனைகளுக்கு இடையே இரண்டு சிவப்பு எல்இடிகளை ஒன்றுக்கொன்று தலைகீழாகச் சேர்த்து, விரலால் தட்டுங்கள். அழுத்தும்போது ஒன்று மின்னும், விடும்போது மற்றது. அழுத்தியபடியே வைத்திருந்தால் இரண்டும் அணைந்துதான் கிடக்கும். மல்டிமீட்டரிலும் இதே கதை. 27 மில்லிமீட்டர் வட்டு கிட்டத்தட்ட 20 நானோஃபாரட் கெப்பாசிட்டர், மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். இரண்டையும் பெருக்கினால் 0.2 நொடி. அதற்குள் சேர்ந்த மின்னேற்றத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். மீட்டரில் எண் ஏறி இறங்கினால் வட்டு நல்லது, கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

தகர டப்பாச் சத்தத்துக்கும் இந்தக் கணக்கே காரணம். மிக்சரின் மைக் சாக்கெட்டில் உள்தடை சுமார் 2 கிலோ ஓம். 20 நானோஃபாரட் வட்டை அதில் நேரே செருகினால் சுமார் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கும். குடத்தின் 'கும்' போய்விடும், நாணயம் தட்டுகிற 'டிக்' மட்டும் வரும். 10 கிலோ ஓம் லைன் சாக்கெட்டிலும் வெட்டு 800 ஹெர்ட்ஸில் விழும். 1 மெகா ஓம் கொடுங்கள், வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆகவே நடுவே ஒரு சின்ன பஃபர் வேண்டும், அதாவது வட்டுக்கு 1 மெகா ஓம் காட்டி, சத்தத்தை மாற்றாமல் மிக்சருக்குக் கடத்தும் சுற்று.

அதற்குத் தேவை: டிஎல்071 ஐசி ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, ரெசிஸ்டரில் 10 கிலோ ஓம் மூன்று, 1 மெகா ஓம் ஒன்று, கெப்பாசிட்டரில் 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 10 மைக்ரோஃபாரட் இரண்டு, 1என்4148 டயோடு இரண்டு. ஐசியின் 7ஆம் கால் பேட்டரியின் பிளஸ், 4ஆம் கால் மைனஸ். 6ஐயும் 2ஐயும் சேர்த்துவிடுங்கள். இரண்டு 10 கிலோ ஓமைத் தொடராகப் பேட்டரிக்குக் குறுக்கே போட்டால் நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் கிடைக்கும். அங்கிருந்து மைனஸுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட், 3ஆம் காலுக்கு 1 மெகா ஓம். வட்டின் வெள்ளைப் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட், மீதமுள்ள 10 கிலோ ஓம் வழியாக 3ஆம் காலுக்கு. பித்தளை மைனஸுக்கு. 3ஆம் காலிலிருந்து பிளஸுக்கு ஒரு டயோடு, மைனஸிலிருந்து 3ஆம் காலுக்கு இன்னொன்று. இரண்டிலும் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் பார்க்கட்டும். ஓங்கி அடித்தால் வட்டு பத்துக்கணக்கான வோல்ட் எழுப்பும், டயோடு இல்லாவிட்டால் ஐசி தாங்காமல் போகலாம். 6ஆம் காலிலிருந்து இரண்டாவது 10 மைக்ரோஃபாரட் வழியாக மிக்சரின் லைன் சாக்கெட்டுக்கு.

சால்டர் வைக்கும் இடத்தில்தான் அதிக வட்டுகள் சாகின்றன. 25 வாட் அயர்ன் போதும். வெள்ளிப் பூச்சின் ஓரமாக, முன்கூட்டியே ஈயம் பூசிய மெல்லிய ஒயரை வைத்து, இரண்டு நொடிக்குள் கையை எடுங்கள். நேரம் கூடினால் பூச்சு உரிந்து ஒயரோடு வரும். அந்த இடத்துப் பீங்கானும் சூட்டில் தன் குணத்தை இழக்கும். பித்தளை சூட்டை இழுத்துக்கொள்ளும், எனவே அங்கே முதலில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பகுதியை மட்டும் தேய்க்கவோ அராவவோ கூடாது, அதில் ஈயம் இருக்கிறது. மூன்று ஒயர் வட்டு கிடைத்தால் தீவு போல் தனியே நிற்கும் சிறு பகுதியை விட்டுவிடுங்கள்.

வட்டிலிருந்து பஃபர் வரை ஷீல்டு கேபிள், ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். நீண்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வாங்கும். சால்டர் முனைகள் மேல் நகப்பூச்சு ஒரு கோட் அடியுங்கள். இரண்டு பருவமழையும் பார்க்கிற குமரி மாவட்டத்தில் ஈரம் ஏறினால் பொரபொரவென்று சத்தம் வரும்.

ஒட்டும்போது வட்டின் அளவு முக்கியம். குடத்தின் வயிறு வளைவு, வட்டு தட்டை. 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள வயிற்றில் 27 மில்லிமீட்டர் வட்டின் விளிம்பு 0.6 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். சூப்பர் பசை போட்டு அமுக்கினால் பீங்கானில் கீறல் விழும். வேலை செய்யும், ஆனால் கரகரக்கும். 20 மில்லிமீட்டர் வட்டில் இந்த இடைவெளி 0.3 மில்லிமீட்டர்தான். மிச்சத்தைத் தேன்மெழுகு நிரப்பும். மார்த்தாண்டம் தேன் ஊர், மெழுகுக்கு அலைய வேண்டாம். பட்டாணி அளவு எடுத்து விரலில் பிசைந்து, பித்தளைப் பக்கத்தில் மெல்லிசாகத் தடவி, துடைத்த குடத்தில் கழுத்துக்கு நான்கு விரல் கீழே அழுத்துங்கள். தடிமனாக வைத்தால் மெழுகே அதிர்வைத் தின்றுவிடும். நண்பகலில் நடக்கும் உச்சிக் கொடை வெயிலில் மெழுகு இளகி வட்டு வழுக்கும், மேலே துணி டேப் ஒரு சுற்று அவசியம். கேபிளையும் அதே டேப்பில் பிடித்துவிடுங்கள், ஆடும் கேபிள் குடத்தில் உரசுவதும் தாளமாகக் கேட்கும்.

ஒட்டு மைக் கேட்பது குடத்தின் சுவரை. குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது கிளம்பும் காற்றை அது அரைகுறையாகத்தான் கேட்கும். வாய்க்கு அருகே சாதாரண மைக் ஒன்றைச் சன்னமாகத் திறந்து இரண்டையும் கலந்து வையுங்கள். கலந்ததும் 'கும்' மெலிந்தால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. மிக்சரில் ஃபேஸ் பட்டன் (அலையைத் தலைகீழாக்குவது) இருந்தால் அமுக்குங்கள், இல்லாவிட்டால் அந்த மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள்.