தஞ்சோங் துவான்: காட்டு வழியே கடலுக்கு

மலேசியாவில் ரந்தாவ், சிலியாவ் பக்கம் இருப்பவர்களே, அடுத்த முறை போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனால் பக்கத்திலுள்ள தஞ்சோங் துவான் காட்டுக்குள்ளும் நடந்துவிட்டு வாருங்கள். கலங்கரை விளக்கம் வரை தார்ச்சாலைதான். ஏற்றம் உண்டு, பெரியவர்கள் நின்று நின்று ஏறலாம். அப்புறம் கடற்கரைக்கு இறங்குவது மண்பாதை. வேர்கள் புடைத்திருக்கும், மழை பெய்தால் வழுக்கும். சிலிப்பர் வேண்டாம். தோட்ட வேலைக்குப் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்தே போதும், நன்றாகப் பிடிக்கும். குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் விடாது, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தை முதுகுப்பைக்குள் வையுங்கள்.

மார்ச் மாதம் போவதுதான் என் விருப்பம். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் தேன்பருந்துகள் களைத்துப்போய்த் தலைக்கு மேலேயே தாழப் பறக்கும். வெயில் ஏறிய பிறகே வரும் என்பதால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.