படகுக்கு எல்.ஈ.டி விளக்கு: மின்னோட்டத்தை ஏற்றாமல் வெளிச்சத்தைக் கூட்டுவது எப்படி?

திருக்கடலூரில் மச்சானுடைய படகுக்குச் செய்து கொடுத்த 12 வோல்ற் விளக்கு இது. மல்ரிமீற்றர் பிடிக்கவும் பற்றாசு (சோல்டர்) வைக்கவும் தெரிந்தால் போதும்.

முதலில் எல்.ஈ.டி. 3 வாற் என்று விற்பதில் ஆறு வாங்குங்கள். அதை 700 மில்லிஅம்பியரில் ஓட்டலாம் என்பார்கள். நான் 300க்கு மேல் விடமாட்டேன். மின்னோட்டத்தை இரட்டித்தால் வெளிச்சம் இரட்டிக்காது, சூடுதான் ஏறும். வெளிச்சம் போதாவிட்டால் இன்னும் மூன்று எல்.ஈ.டி சேர்த்துக்கொள்ளுங்கள். நிறத்தில், நீலச் சாயல் அடிக்கும் குளிர்வெள்ளையே என் தெரிவு. உள்ளே இருப்பது நீலச் சில்லு. அந்த நீல ஒளியை மஞ்சளும் சிவப்புமாக மாற்ற மாற்ற இழப்புக் கூடும் என்பதால், அதே வாற்றுக்கு மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம் குறைவாகவே வரும்.

மூன்று மூன்றாகத் தொடராக இணையுங்கள். ஒவ்வொரு தொடருக்கும் தனியாக 300 மில்லிஅம்பியர் மாறா மின்னோட்ட ட்ரைவர் ஒன்று; பற்றரியின் வோல்ற் கூடினாலும் குறைந்தாலும் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் சுற்று அது.

"ட்ரைவர் எதற்கு, ஒரு தடையி (ரெசிஸ்ரர்) போதாதா?" என்று கேட்காத ஆளில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு எல்.ஈ.டிக்கு 3.2 வோல்ற் என்றால் மூன்றுக்கும் 9.6. பற்றரி 12 வோல்ற்றில் இருந்தால் மிச்சம் 2.4. 6.8 ஓம் தடையி போட்டால் 350 மில்லிஅம்பியர் அளவில் நிற்கும். சரிதான். ஆனால் எஞ்சின் ஓடி பற்றரி சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ற் வரும். மிச்சம் 4.8, மின்னோட்டம் இரட்டிப்பை நெருங்கும். போதாததற்கு, எல்.ஈ.டி சூடாகச் சூடாக அதற்குத் தேவையான வோல்ற் இறங்கி மின்னோட்டம் இன்னும் ஏறும். கரையில் நன்றாக எரிந்த விளக்கு கடலில் கருகுவது இப்படித்தான்.

அடுத்தது பற்றாசு. எல்.ஈ.டி இருக்கும் அலுமினியத் தட்டு சூட்டை உறிஞ்சும், 25 வாற் சூட்டுக்கோல் திணறும். 60 வாற் எடுங்கள். தட்டை வெப்பத்தகட்டில் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) பூட்ட முன்னரே வயரைப் பிடித்துவிடுங்கள். பூட்டிய பிறகு பிடிக்கப் போனால் பற்றாசு உருகாமல் உருண்டையாய் நிற்கும்.

தட்டுக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தும் வெப்பப் பசையை மெல்லிய படலமாகப் பூசுங்கள், வெண்ணெய் தடவுவது போல அல்ல. செதில் வைத்த அலுமினியத் துண்டு எதுவும் வெப்பத்தகடாக உதவும். அரை மணித்தியாலம் எரியவிட்டுத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாவிட்டால் தகடு சிறிது.

பின்சேர்க்கை: செய்து பார்த்த கிண்ணியாக்காரர் ஒருவர், உப்புக்காற்றுக்காகச் சிலிக்கன் அடைத்ததும் விளக்கு மங்கிவிட்டது என்றார். வினாகிரி மணக்கும் சிலிக்கனா என்று கேட்டேன், ஆம் என்றார். அது உலரும்போது அசற்றிக் அமிலத்தை விடும். அது செப்பு இணைப்பையும் எல்.ஈ.டிக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சையும் அரிக்கும். அந்த அமிலத்தை விடாத நடுநிலைச் சிலிக்கன் கேட்டு வாங்குங்கள். அதையும் நன்றாக உலரவிட்ட பிறகே கண்ணாடியை மூடுங்கள்.